கட்டைவிரல் துடித்த இடம்

வண்ணார்பேட்டை மேம்பாலத்தை ஒட்டி
செருப்புக் கடைக்கு மேலே அந்த அறை.
கடிகாரம், சாவி, போன், ஏடிஎம் கார்டு
எல்லாம் வெளியே ஒரு பிளாஸ்டிக் கூடையில்.
"ஒங்க செயின் கெடக்கட்டும்க்கா,
தள்ளித்தான இருக்கப் போறீய"
என்றாள் ரஹ்மத், மேலப்பாளையத்துக்காரி.
நான் கழற்றிவிட்டேன்.
அதில் ஒரு சின்னச் சிலுவை உண்டு.

முதலில் கட்டைவிரலைக் கண்டுபிடிக்க வேண்டுமாம்.
விரல் கையில் இருக்க
தலையில் தேடினார்கள்.
எட்டுப்போல வளைந்த கருவியை
மண்டைமேல் நூல் நூலாக நகர்த்தி
ஒரு சொடுக்கு. தள்ளி இன்னொன்று.
சட்டென்று வலது கட்டைவிரல்
தானாகத் துள்ளியது.
வீரவநல்லூர் கூட்டுறவு வங்கியில்
முப்பத்தொரு வருஷம் நோட்டு எண்ணிய விரல்.
அப்பா அதை ஒருமாதிரி பார்த்தார்,
நாக்கில் தொட்டு ஈரமாக்கினார்,
அடுத்த கட்டுக்குக் காத்திருந்தார்.

டாக்டர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.
"கொஞ்சம் பேருக்குக் கொஞ்சம் தெளிவு வருது.
எத்தனை நாள் நிக்கும்னு தெரியாது."
எது திரும்பி வரும் என்று கேட்டேன்.
"அதை நாம பொறுக்கி எடுக்க முடியாதும்மா."
படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.
உறவு என்ற கட்டத்தில்
மகள் என்று எழுதப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது.

செல்வினைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட மறுநாள்
அப்பா சொன்னது இரண்டே சொல்:
"கணக்கு முடிஞ்சுது."
அம்மா செத்த அன்று
தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரைதான் என்னை விட்டார்கள்.

பிறகு அவருக்கு மறக்கத் தொடங்கியது.
பால் பாக்கி போயிற்று, தெருப்பெயர் போயிற்று,
அம்மா இறந்ததே போயிற்று,
போகிற போக்கில் என் குற்றமும்.
என்னைப் பிரமு என்று கூப்பிட்டார்.
பிரமு அவர் தங்கை,
பதினாறு வயசில் காமாலையில் போனவள்.
அவளுக்கு மாம்பழத்தில் கொட்டைதான் பிடிக்குமாம்.
எனக்குப் பிடிக்காது. சூப்புகிறேன்.
செல்வினிடம் தினமும்
"தம்பிக்கு எந்தூரு?"
"டோனாவூர்."
"நல்ல ஊரு" என்கிறார், தினமும்.

சில ராத்திரி நினைப்பேன்
இப்படியே இருந்துவிட்டால் என்ன.
சின்ன வயசில்
தாமிரபரணி மணலில் காந்தத்தைப் புரட்டினால்
கறுப்புத் துகள்தான் ஒட்டிக்கொண்டு வரும்.
இந்தக் காந்தம் எதை எடுத்துக்கொண்டு வரும்?
நினைத்துக்கொண்டிருக்கும்போதே
குளியலறையில் அழுகைச் சத்தம் கேட்கும்,
எதற்கு உள்ளே வந்தோம் என்று தெரியாமல்
சட்டையை ஒரு கையில் மட்டும் மாட்டிக்கொண்டு.
என் சௌகரியத்துக்காக ஒரு மனுஷரை
இப்படி நிற்கவைக்க முடியாது.

மரங்கொத்தி கொத்துவதுபோல் நாற்பது தட்டு.
நிறுத்தம். மறுபடி.
அந்த நிறுத்தங்களில் மட்டும்
அவர் கையைப் பிடித்துக்கொள்வேன்.
அவரும் பிடித்துக்கொள்வார்,
பிரமுவை.

பதினான்காம் நாள், வெளியே ஐப்பசி மழை.
காதில் வைத்திருந்த அடைப்பை
ரஹ்மத் வருமுன் அவரே எடுத்தார்,
இரண்டையும் சேர்த்துத் தட்டில் வைத்தார்.
என்னைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார்,
செயின் கிடந்த வெளிறிய தடத்தை.

"அவன் வெளியில நிக்கானா?"

யாருப்பா?

"டோனாவூர்க்காரன்."

என் கைக்குள்ளிருந்து தன் கையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டார்.
முகம் சுவர்ப் பக்கம்.

வெளியே ரஹ்மத் நோட்டோடு வந்தாள்.
"இன்னைக்கு ஏதாச்சும் முன்னேற்றம் உண்டாக்கா?"
உண்டு என்றேன். எழுதிக்கோ,
மகளை அடையாளம் தெரிகிறது.

கூடையிலிருந்து செயினை எடுத்துப் போட்டேன்.
கொக்கி மாட்ட நேரமாயிற்று.
நாளைக்குப் பதினைந்து.